டொக்டர் வரும் வரைக்கும்

"இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ துஷா. முகம் வடிவாத் தெரியேல்லை."

துஷாந்தினி கையை நீட்டிக் கைப்பேசியைச் சவப்பெட்டிக்கு மேலாகப் பிடித்தாள். திரையில் அண்ணன் திலக்ஷன் கனடாவிலிருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். சவத்தைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர்கள் அப்பா இராசரத்தினத்தின் முகத்தில் பவுடரை அப்பிவைத்திருந்தார்கள். ரயில்வேயில் மேடை வெயிலில் நின்று டிக்கட் பார்த்துக் கறுத்த முகம் அது. ஆயுளில் ஒருநாள்கூடப் பவுடர் போடாத மனிதரை மாப்பிள்ளைபோல் ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மூன்று நாளாக அவளுக்கு எல்லாவற்றிலும் எரிச்சல். குளிரூட்டியில் எரிச்சல், மாலைகளில் எரிச்சல், அழுகிறவர்களில் எரிச்சல், அழாமல் கைப்பேசி பார்க்கிறவர்களிலும் எரிச்சல்.

சுண்ணம் இடிக்கும் சடங்கு முடிந்திருந்தது. பெரியப்பா ஒலிவாங்கியை வாங்கித் தொண்டையைச் செருமினார். அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒலிவாங்கியைக் கண்டால் சும்மா விடமாட்டார்.

"என்ர தம்பி குடுத்துவைச்சவன்," என்று தொடங்கினார். "மகன் ஏழு கடலுக்கு அங்கால இருந்தாலும் தகப்பனைக் கைவிடேல்லை. தர்மாஸ்பத்திரியில ஒரு மூலையில கொண்டுபோய்ப் போட்டிட்டு வாற பிள்ளையள் இருக்கிற இந்தக் காலத்தில, கொழும்பிலயே முதல் நம்பர் ஹார்ட் டொக்டரை வைச்சுப் பார்த்தவன். அதுக்கு மேல விதி. நாங்கள் என்ன செய்யிறது?"

முன்வரிசையில் இருந்த மாமிமார் தலையாட்டினார்கள். ஒருத்தி அம்மாவின் முதுகைத் தடவினாள். அம்மாவும் தலையாட்டினாள். துஷாந்தினி தலையாட்டவில்லை. முதல் நம்பர் டொக்டர் பார்த்தாராம்! எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார் என்று அந்த ஒலிவாங்கியைப் பறித்துக் கேட்கவேண்டும் போலிருந்தது.

மூன்று நாளைக்கு முன்பு, அப்பா பின்னேரத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தவர், நெஞ்சைக் கையால் பொத்தினார். நெஞ்சு நோ தாடைக்கும் இடது கைக்கும் இறங்குகிறது என்றார். சட்டை முழுக்க வேர்வை. அம்மா வாய்வு என்று சொல்லித் தைலம் பூசி, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ கொடுத்தாள். அதை அப்படியே சத்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றுதான்.

"என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

துஷாந்தினி 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தாள். அதற்குள் அம்மா மகனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் மின்விசிறி நின்றாலும் மூச்சு நின்றாலும் முதல் அழைப்பு கனடாவுக்குத்தான் போகும். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த திலக்ஷன் அங்கே நின்றபடியே கட்டளை போட்டான்.

"கவுண்மேந்துப் பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் கொண்டு போகாதேங்கோ. அங்க கட்டிலும் இல்லை, மருந்தும் இல்லை. நிலத்திலதான் போடுவாங்கள். நான் இப்பவே நல்ல டொக்டரைச் சனல் பண்ணிறன்."

தட்டுப்பாட்டுக் காலத்தில் ஊசியையும் கையுறையையும் வெளியில் வாங்கிவரச் சொல்லி நோயாளிகளை அனுப்பிய கதைகளை வட்ஸ்அப்பில் பார்த்துப் பார்த்துப் பயந்தவன் அவன். பயம் பொய்யுமல்ல. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. ஒரு மகன் வெளிநாட்டில் இருந்தும் தகப்பனைத் தர்மாஸ்பத்திரியில் போட்டார்கள் என்று ஊர் கதைக்கும். அம்மா அதை வாய்விட்டே சொன்னாள். தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரைச் சனல் பண்ணிய பதிவும் வரிசை இலக்கமும் இரண்டு நிமிடத்தில் கைப்பேசிக்கு வந்துவிட்டன. ஐந்தரைக்கு டொக்டர் வருவார்.

அவள் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் பக்கத்து வீட்டு ஷிப்லி காரை எடுத்தான். காலி வீதிக்கு ஏறும் சந்தியில் நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தான்.

"எந்தப் பக்கம் திருப்ப தங்கச்சி? அங்கிளுக்கு நல்லா வேர்க்குதே. நேரா பெரியாஸ்பத்திரிக்கே போவமா?"

"ஓம் ஷிப்லி நானா, அங்கயே..." என்று துஷாந்தினி தொடங்க, அம்மா குறுக்கே விழுந்தாள்.

"இல்லைத் தம்பி, பிரைவேட்டுக்கு விடுங்கோ. சனல் பண்ணியாச்சு."

"அம்மா, அப்பா சொல்லுறதைக் கேளுங்கோவன்."

"நீ சும்மா இரு. அண்ணா எல்லாம் ஒழுங்குபண்ணிப்போட்டான்."

முன் ஆசனத்தில் இருந்த அப்பா நெஞ்சைப் பொத்தியபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஒன்றைச் சொல்லிவிட்டால் எதிர்த்துக் கதைப்பதை அவர் எப்போதோ விட்டிருந்தார்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் மாடியில் குஷன் கதிரைகள், தொலைக்காட்சி, ரோஜா வாசம். இலக்கம் வைத்திருந்தவர்கள் கலியாண வீட்டுப் பந்திக்குக் காத்திருப்பதுபோல் வரிசையாக இருந்தார்கள். ஐந்தரை போய் ஆறும் போனது. துஷாந்தினி மேசைக்குப் போய், அப்பாவுக்கு நெஞ்சு நோ கூடுகிறது, ஒரு ஈசிஜியாவது எடுங்கள் என்றாள். மேசைப் பெண் சிரித்த முகம் மாறாமல் பாதிச் சிங்களத்திலும் பாதித் தமிழிலும் சொன்னாள்.

"டொக்டர் பார்த்துச் சொன்னாத்தான் மிஸ். டொக்டர் பெரியாஸ்பத்திரியில ஒரு ஹார்ட் அட்டாக் கேஸோட இருக்கிறார். இப்பதான் கதைச்சேன். பொட்டக் இன்ன, கொஞ்சம் இருங்க."

திரும்பி வந்து அம்மாவிடம் அதைச் சொன்னாள். அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"பார், எவ்வளவு பெரிய டொக்டர் எண்டு," என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். அதைக் காதால் கேட்டார்கள். மூன்று பேருமே கேட்டார்கள். கேட்டுவிட்டு, அவர் அங்கேயிருந்து இங்கே வரட்டும் என்று குந்திக்கொண்டிருந்தார்கள். காரில் போனால் அவ்வளவு தூரமுமில்லை. மூன்று நாளாகத் துஷாந்தினியைக் குத்திக்கொண்டிருக்கும் முள் அதுதான்.

அப்பாவின் தலை அவள் தோளில் சரிந்தபோது நித்திரை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு ஓட்டம், தள்ளுவண்டி, கீழே அவசரப் பிரிவு. இவ்வளவு பேரும் இவ்வளவு நேரமும் கீழேதான் இருந்தார்களா என்று நினைக்குமளவுக்கு ஆட்கள் ஓடிவந்தார்கள். நெஞ்சை அமுக்கினார்கள், மின்சாரம் வைத்தார்கள். கடைசியில் ஓர் இளம் டொக்டர் வெளியே வந்து, நோ எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னாள்.

"அப்ப இவ்வளவு நேரமும் எங்க இருந்தீங்க?"

"மேல. சனல்ல."

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

கதிரையில் விட்டுவந்த அம்மாவின் கைப்பையை எடுக்க மேலே போனபோது அந்தப் பெரிய டொக்டர் வந்துவிட்டிருந்தார். களைத்த முகம். ஒலிபெருக்கி ஒவ்வொரு இலக்கமாகக் கூப்பிட்டது. அப்பாவின் இலக்கத்தையும் கூப்பிட்டது. ஒருவரும் எழும்பாததால் அடுத்ததைக் கூப்பிட்டது.

அந்த டொக்டர்மேல் கோபப்படவும் வழியில்லை. அவர் அங்கே ஒரு மனிதரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். சனலும் இலக்கமும் இல்லாமல், கட்டின சாரத்தோடு நேரே வந்து விழுந்த யாரோ ஒருவரை. அந்த மனிதர் இப்போது கட்டிலில் சாய்ந்திருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பகலில் அங்கே, பின்னேரத்தில் இங்கே; அதே கை, அதே படிப்பு. இங்கே இலக்கத்தோடு காத்திருக்கவேண்டும், அங்கே கொண்டுபோய்ப் போட்டால் போதும். இப்படி ஓர் ஒழுங்கை எந்த மடையன் செய்துவைத்தான் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதற்கு இலக்கம் எடுத்துக் காத்திருந்த தங்கள் மடைத்தனத்தை நினைக்க அதைவிட.

அன்றிரவே அம்மா மகனுக்குச் சொல்லிவிட்டாள்: "டொக்டர் பார்த்தவர் தம்பி. எல்லாம் செய்தவை. எங்கட விதி." சொல்லிவிட்டுத் துஷாந்தினியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவன் அங்க தனிய இருக்கிறான். தெரிஞ்சால் தாங்கமாட்டான். உன்ர வாயைத் திறந்துபோடாத."

மூன்று நாள் திறக்கவில்லை. இன்றைக்குப் பெட்டி மூடினால் எல்லாம் அதோடு போய்விடும், அண்ணன் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான் வந்திருந்தாள்.

பெரியப்பா பேசி முடித்தார். திரையில் திலக்ஷன் மூக்கை உறிஞ்சினான்.

"துஷா, கேக்குதோ? அம்மாவையும் இனிக் கவனமாப் பார்க்கவேணும். அவவுக்கும் பிரஷர் இருக்கு. அந்த டொக்டரையே வாற கிழமைக்குச் சனல் பண்ணிட்டன். இனி அம்மாவுக்கு என்ன நடந்தாலும் எனக்கு முதல் போன் அடி. நான் ஒழுங்குபண்ணுவன். அப்பாவுக்குச் செய்த மாதிரி."

துஷாந்தினி கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினாள்.

"அப்பாவை டொக்டர் பார்க்கேல்லை."

"என்ன?"

"பார்க்கேல்லை அண்ணா. நாங்கள் மேல கதிரையில இருந்தனாங்கள். அப்பா கதிரையிலதான் செத்தவர். டொக்டர் அந்த நேரம் எங்க நிண்டவர் தெரியுமோ? பெரியாஸ்பத்திரியில. அப்பா கொண்டு போங்கோ எண்டு கேட்ட இடத்தில."

"துஷா!" என்று அம்மா எழும்பினாள். மாமியின் கை அவள் முதுகிலிருந்து நழுவியது.

"அவை சொன்னவை, டொக்டர் அங்க நிக்கிறார் எண்டு. கேட்டுப்போட்டும் இருந்தனாங்கள். நீங்கள் சனல் பண்ணினது எண்டதுக்காக இருந்தனாங்கள்." அவளுடைய குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும். "இனி அம்மாவுக்கு நெஞ்சு நொந்தால் நான் 1990க்குத்தான் முதல் அடிப்பன். பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போடுவன். நிலத்தில போட்டாலும் போடட்டும். உங்களுக்குப் பிறகுதான் சொல்லுவன்."

பெரியப்பா ஒலிவாங்கியை அணைக்க மறந்து நின்றார். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு மெல்ல மறுபடி உட்கார்ந்தாள். மகளை ஏசவில்லை. பெட்டியையும் பார்க்கவில்லை.

மலர்ச்சாலைப் பையன்கள் இருவர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் தயங்கினார்கள். "வஹமுத மிஸ்?" என்று ஒருவன் மெதுவாகக் கேட்டான். மூடலாமா என்று.

அவள் திரையைப் பார்த்தாள். திரையில் திலக்ஷனின் முகம் அசையாமல் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. லைன் நின்றுவிட்டதாக்கும் என்று நினைத்து, "அண்ணா? அண்ணா?" என்று கூப்பிட்டாள்.

அவனுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கின் வெளிச்சத்தில் பனி மட்டும் நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது.