எட்டாவது எழுத்து

சித்தப்பா காணாமல் போன பத்தாம் நாள் காலையிலும் கணினித் திரையில் அதே வரிதான் வந்தது: ‘பொருந்தும் பெயர் இல்லை.’

அந்த வரியை எழுதியவளே அவள்தான். நகரத்து மருத்துவமனைகள், துணைக்கு ஆளில்லாமல் வந்து சேர்பவர்களின் பெயர்களை அன்றாடம் அவளுடைய அலுவலகத்துக்கு அனுப்பும். காணாமல் போனவர்களைத் தேடும் குடும்பங்களும் அங்கேதான் பெயர் கொடுப்பார்கள். இரண்டு பட்டியலையும் ஒப்பிடும் நிரலை நான்கு வருடங்களுக்கு முன்பு அவள் எழுதினாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘தேடல் அக்கா’.

சித்தப்பா பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைக்காமல் சித்தி அவரை வாசலுக்குக்கூட விடமாட்டாள். அன்று அடுப்பை அணைக்க உள்ளே போய்வந்த நேரத்தில் மனிதர் கிளம்பிவிட்டார்.

“ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்டி” என்று இரண்டாம் நாளே சித்தி புறப்பட்டாள்.

“இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு எங்க அலையப் போற சித்தி? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷின் எல்லா லிஸ்டையும் பாக்குது. எங்க இருந்தாலும் காட்டிடும்.”

“நீ சொன்னா சரி” என்று சித்தி செருப்பைக் கழற்றி வைத்தாள்.

பத்தாம் நாள் அலுவலகத்தில் இருப்புக்கொள்ளாமல், அவள் மருத்துவமனைப் பட்டியல்களைக் கண்ணாலேயே மேய ஆரம்பித்தாள். மூன்றாவது பட்டியலில், நடுப்பக்கத்தில், சித்தப்பாவின் பெயர் இருந்தது. வயதும் சரி. சேர்த்த நாள், அவர் காணாமல் போன அதே நாள்.

அந்தப் பெயரையும் சித்தி கொடுத்த பெயரையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றா என்று நிரலைக் கேட்டாள். இல்லை என்றது. ஓர் எழுத்துகூட மாறவில்லையே! எத்தனை எழுத்து என்று கேட்டாள். சித்தி கொடுத்த பெயருக்கு ஏழு. மருத்துவமனை அனுப்பியதற்கு எட்டு.

எட்டாவது எழுத்து, கணினி மட்டுமே எண்ணும் ஒரு குறி; அதற்கு உருவமும் இல்லை, அகலமும் இல்லை. பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்து இடைவெளிகளை வெட்டும் வரியை அவள் அன்றே எழுதியிருந்தாள். இது அந்தக் கத்தரியில் சிக்காத ரகம்.

தொலைபேசியில் மருத்துவமனை எழுத்தர் அப்பாவியாகச் சொன்னார்: “வார்டுலேருந்து பேரை மெசேஜ்ல அனுப்புவாங்க மேடம். அப்படியே காப்பி பண்ணி ஒட்டிடுவேன். கண்ணுலயே படாததை நான் என்னன்னு பாக்கிறது?”

அவர் மேல் என்ன கோபப்படுவது.

சித்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்; மருத்துவமனை, வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரம்தான். சீட்டில் எண் மழையில் கரைந்து, பெயர் மட்டும் மிஞ்சியிருந்ததாம். “முதல் மூணு நாள் ‘அவ எங்க, அவ எங்க’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம் கேக்கிறதை விட்டுட்டாரு” என்றாள் செவிலி.

சித்தி கட்டிலருகே போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் மரியாதையாக நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கம்மா இறங்கணும்?”

சித்தி கையை விடவில்லை. திரும்பாமலே அவளிடம் கேட்டாள்: “நான் ரெண்டாம் நாளே வந்திருந்தா, என்னைத் தெரிஞ்சிருக்கும் இல்ல?”

சித்தி திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

பிற்பகல் அலுவலகத்துக்குத் திரும்பினாள். ஒப்பிடுவதற்கு முன் உருவமில்லாத எழுத்துகளை நீக்க ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. எழுதி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு நான்கு வருடத்துப் பழைய பட்டியல்களையும் அதில் ஓட்டினாள். புதிதாக முப்பத்தொரு பெயர்கள் பொருந்தின. பலருக்கு எதிரே ‘வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார்’ என்றிருந்தது. ஆறு பேருக்கு எதிரே ‘இறப்பு.’

அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “யாராவது கூப்பிட்டுச் சொல்லித்தானே ஆகணும்.”

“நானே சொல்றேன் சார்.”

முதல் எண். ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள்.

“சொல்லுங்க! உங்க ஆபீஸ் நம்பரைப் பேர் போட்டு வெச்சிருக்கேன். எங்கக்கா கிடைச்சுட்டாளா?”

“அண்ணே... கொஞ்சம் உக்காந்துக்குங்க.”

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. அவள் சொன்னாள்.

“எத்தனை நாள் உசுரோட இருந்தா அங்க?”

“இருபத்திரண்டு நாள்.”

“அந்த நாள்ல உங்க ஆபீசுக்கு நாலு வாட்டி வந்தேனேம்மா. இல்லவே இல்லைன்னு சொன்னீங்களே.”

“ஆமாண்ணே, சொன்னோம்.”

அவர் வைக்கும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு அந்தப் பெயருக்கு எதிரே ‘தெரிவிக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.