கதவு வேலையா? சொல்லுங்க

என் கணவர் மூன்றாவது முறையாகக் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் முறை அடுத்த தெருவில் கிடைத்தார். இரண்டாம் முறை பஸ் நிலையத்தில். இந்த முறை லாரிகள் பறக்கிற பெரிய சாலையின் நட்டநடுவில், எந்தப் பக்கமும் போக முடியாமல், கருவிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாராம். கூட்டிக்கொண்டு வந்த போலீஸ்காரப் பெண், அடுத்த தடவை உயிரோடு கூட்டி வருவேன் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதுமே ஆகாது.

அன்று சாயங்காலமே வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்தான். மறதிநோய் வந்தவர்களை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லத்தில் இடம் பேசிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துப் போகிறானாம். நான் கத்தினேன். அவன் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அதற்குள் அவர் வெளியே போக முடியாதபடி வீட்டைச் சரி செய்துவிட்டால் யோசிக்கிறேன் என்றான். ஆக, எனக்கு நாலு நாள்.

வீட்டைச் சரி செய்வதாவது. தெருவில் அவருக்குப் பெயரே 'கதவுக்காரர்'. முப்பது வருஷம் கராஜ் கதவு மாட்டியவர், அதைத் தூக்கும் மோட்டாரைப் பொருத்தியவர். நோய் வந்ததும் எங்களையெல்லாம் ஒவ்வொருவராக மறந்தார். முதலில் பேரன், பிறகு மகன், இந்த வருஷ ஆரம்பத்தில் நான். இப்போது நான் அவருக்கு யாரோ ஒரு வீட்டுக்கார அம்மா. தொழிலை மட்டும் மறக்கவில்லை. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

வாசல் கதவை ஒருவழியாக அடக்கிவிட்டேன். எண்களை அழுத்தினால் திறக்கிற பூட்டு அது. எண்கள் அவர் தலையில் நிற்பதில்லை. மிச்சம் இருந்தது கராஜ். அங்கே கூரையின் நடுவில் ஒரு பழைய மோட்டார் தொங்குகிறது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அந்தக் கணக்கில் தெருவிலேயே அரதப் பழசான மோட்டார் கதவுக்காரர் வீட்டில்தான். அதிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். கரண்ட் போனால் இழுப்பதற்கு. இழுத்தால் மோட்டார் கதவை விட்டுவிடும், கையாலேயே கதவைத் தூக்கிவிட்டு வெளியே போகலாம். நான் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டினேன், அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். வெட்டியே எறிந்தேன், மிச்சமிருந்த நுனியைக் குறட்டால் பிடித்து இழுத்தார். இழுத்துவிட்டு, "யாரோ தெரியாத ஆள் கயித்தை வெட்டியிருக்கான்மா" என்று என்னிடமே புகார் சொல்லி, புதுச் சிவப்புக் கயிறும் கட்டிவிட்டார்.

புதன்கிழமை மோட்டார் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, எங்கள் வீட்டில் இருப்பது போலவே கூரையில் தொங்குவது. பழைய ஆணித் துளையிலேயே மாட்டிவிடலாம், எல்லாக் கதவுக்கும் பொருந்தும். இன்னொன்று, கதவுக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டுவது. சத்தம் குறைவு, கூரை காலியாகிவிடும், எல்லாக் கதவுக்கும் பொருந்தாது. எல்லாம் தெரிந்த ஒரு மனுஷனை உள்ளே நிறுத்தி வைக்க எது ஆகும் என்று கேட்டேன். அவர் கழுத்தைச் சொறிந்தார். விற்கத் தெரியும், மாட்டத் தெரியும், இதற்குப் பதில் தெரியாது என்றார். இந்த மாதிரிச் சிக்கல் வந்தால் கடைக்காரரே இத்தனை வருஷமாகப் போன் போட்டுக் கேட்டது என் வீட்டுக்காரரிடம்தானாம்.

அதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரிலேயே இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், என் வீட்டு கராஜில் உட்கார்ந்து திருகாணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவரிடமே போய், உங்களை எப்படிப் பூட்டுவது என்று கேட்க வேண்டும். இதற்குத் திருடன் கையில் சாவியைக் கொடுப்பதே மேல்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. வியாழக்கிழமை காலையில் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீழே கராஜில் இருக்கிற என் கணவருக்குப் போன் போட்டேன். சட்டைப் பையில் அந்தப் பழைய பட்டன் போன் எப்போதும் இருக்கும். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற வழக்கம் அவருக்கு என்றைக்குமே கிடையாது.

"கதவு வேலையா? சொல்லுங்க."

எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. தடுமாற்றமே இல்லாத, கொஞ்சம் அவசரமான குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுவரில் மாட்டுவதா, கூரையில் மாட்டுவதா என்று எப்படியோ கேட்டு முடித்தேன். அவர் உடனே, கதவுக்கு மேலே குறுக்காக இரும்புத் தண்டு ஓடுகிறதா, இல்லை ஸ்பிரிங் இரண்டு பக்கமும் நீளமாகக் கிடக்கிறதா என்று கேட்டார். தண்டு இருந்தால்தான் சுவர் மோட்டாராம். கதவுக்காரரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தன் வீட்டுக் கதவின் ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரியாது என்றேன்.

"அப்ப நேர்ல பாக்காம சொல்ல மாட்டேன்மா. அட்ரஸ் சொல்லுங்க."

பதறிப்போனேன். அந்த நிமிஷத்தில் என் நாக்கில் இருந்தது ஒரே ஒரு விலாசம். அதைச் சொல்லித் தொலைத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லிப் பென்சிலால் எழுதிக்கொள்வது கேட்டது. அரைமணியில் வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த நிமிஷம் கீழே கதவு கடகடவென்று மேலே ஏறியது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை. பூட்டி வைக்க வழி கேட்கப் போய், நானே வேலை கொடுத்து அனுப்பிவிட்டேன்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தெருவில் அவர் இல்லை. வலமா, இடமா? கால் தானாகப் பெரிய சாலைப் பக்கம் திரும்பியது. ஓடிக்கொண்டே போன் போட்டேன். "வந்துக்கிட்டே இருக்கேன்மா, வழி கேட்டுட்டேன்" என்றார். பின்னால் ஏதோ ஹாரன் சத்தம். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. சாலை ஓரத்தில் நின்று ஒவ்வொரு லாரியாகப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி, நான்தான் பிடிவாதம் பிடித்தேன், இன்றைக்கு இவருக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தவள் நான் என்று தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எதிர்க்கடைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

போன் அடித்தது.

"அம்மா, உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். பெல்லடிச்சுப் பத்து நிமிஷமாச்சு. ஆளை வரச் சொல்லிட்டு இப்படியா போறது?"

திரும்பி ஓடினேன். கையில் விலாசச் சீட்டும் தோளில் பையுமாக எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். யார் யாரிடமோ சீட்டைக் காட்டி, இரண்டு தெரு சுற்றி, தன் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும், முதுகில் ரெண்டு போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் முடியாது. வாடிக்கையாளர் அப்படியெல்லாம் செய்யக் கூடாது. அவரோ திறந்து கிடந்த கராஜைக் காட்டி, இப்படியா போட்டுவிட்டுப் போவது என்று எனக்கு ஒரு டோஸ் விட்டார்.

பிறகு வேலையை ஆரம்பித்தார். கதவின் மேலே அண்ணாந்து பார்த்தார். தண்டு இருந்தது. பக்கச் சுவரில் இடம் அளந்தார், போதும் என்றார். பழைய மோட்டாரைத் தட்டிப் பார்த்து, மாட்டினவன் யாரோ, ஆனால் மோசமில்லை என்றார். அவரே மாட்டியதுதான். கடைசியாக, எந்த வீட்டிலும் கேட்காமல் விடாத கேள்விக்கு வந்தார்: வீட்டில் யார் யார்? ஆளைத் தெரிந்துகொள்ளாமல் கதவு மாட்டக் கூடாது என்பது அவர் கட்சி.

சொன்னேன். வீட்டில் என் கணவர் இருக்கிறார். அவருக்கு மறதி. வெளியே போய்விடுகிறார், திரும்பி வரத் தெரியவில்லை. பூட்டினால் திறந்துவிடுகிறார், ஏனென்றால் இந்தத் தொழில் அவருக்குத் தெரியும். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப சுவர் மோட்டார்தான். கூரை மோட்டார்னா கயிறு நடுவுல தொங்கும், புள்ளகூட இழுத்துடும். சுவர் மோட்டாரோட ஒரு தாழ்ப்பாள் வரும். கதவு இறங்கினதும் தானா விழுந்துடும். அதுலயும் கயிறு உண்டு, ஆனா இழுத்தாலும் கதவைத் தூக்க முடியாது. அந்தத் தாழ்ப்பாளைக் கையால நகத்தலாம். தொழில் தெரிஞ்சவர் நகத்திடுவார். அதுக்கு மேல இரும்புப் பெட்டி வெச்சுப் பூட்டிடுங்க. சாவியும் ரிமோட்டும் உங்க இடுப்பை விட்டுப் போகக் கூடாது. நெருப்பு கிருப்புன்னா நீங்கதான் திறக்கணும்."

ஒரு ஓட்டை விடவில்லை. நான் தலையாட்டினேன். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். அவரைக் கேட்காமல் அவரைப் பூட்டி வைப்பது பாவமில்லையா?

"எங்க போறார் அவர்?"

"வேலைக்கு."

"நல்ல மனுஷன்தான்" என்று சிரித்தார். "என்னைப் பூட்டினா நான் கத்துவேன்மா. கதவை உதைப்பேன். ஆனா என் வீட்டுக்காரி பூட்டியிருந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். அவ சும்மா எதுவும் செய்ய மாட்டா. நீங்க பூட்டுங்க."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுது தீர்த்தேன்.

சனிக்கிழமை கடைக்காரர் வந்து மாட்டினார். மாட்டினார் என்று பேர்தான். இந்த நட்டை இன்னும் கால் சுற்று, அந்த ஒயரைச் சுவரோடு ஒட்டி என்று அவரை ஆட்டி வைத்தது என் கணவர். பழைய மோட்டாரும் சிவப்புக் கயிறும் தரைக்கு இறங்கின. தாழ்ப்பாள் விழுகிறதா என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார். இரும்புப் பெட்டியை அவரே பூட்டி, சாவியை அவரே என் உள்ளங்கையில் வைத்து, பத்திரம் என்றார். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வாசல் வழியாகப் போய்விட்டார். மகனுக்குப் போன் செய்து, கதவு ஆயிற்று என்றேன். நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றான், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கராஜ் கதவின் முன்னால் போய் நின்றார். சுவர்ப் பட்டனை அழுத்தினார். அதன் ஒயரைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். குனிந்து கதவைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை, முழு பலத்தோடு. தாழ்ப்பாள் நன்றாகப் பிடித்திருந்தது. கத்துவார், உதைப்பார் என்று காத்திருந்தேன். அவர் மரியாதையாக என் பக்கம் திரும்பினார்.

"வேலை முடிஞ்சுதும்மா. கதவைத் திறங்க, வீட்டுக்குப் போகணும். அவ சாப்பிடாம உக்காந்திருப்பா."

சாவி என் இடுப்பில் இருந்தது. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, லேட்டாகும் என்று வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் போனை எடுத்து, எண்களைப் பார்க்காமலே ஒன்றாம் பட்டனை அழுத்திப் பிடித்தார். அது எந்தக் காலத்திலோ அவர் பதிந்து வைத்தது. நான் சமையலறைக்குள் போவதற்குள் என் கையில் போன் அடித்தது.

"நான்தான். இங்க ஒரு கதவு வேலை இழுத்துக்கிட்டுப் போகுது. அந்தம்மா பாவம், ரொம்பக் கஷ்டப்படறாங்க, விட்டுட்டு வர முடியல. நீ சாப்பிடு, எனக்காக உக்காந்திருக்காத."

முகத்தைப் பார்த்து என்னை 'நீ' என்று அவர் கூப்பிட்டு ஆறு மாதமாகிறது. கதவிடுக்கு வழியாக அவர் முதுகு தெரிந்தது. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பூட்டிய கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லங்க, நிதானமா வாங்க" என்றேன். "நான் வீட்லதான் இருக்கேன்."