ஜீரோ பாத்துக்கங்க

பூவம் பெட்ரோல் பங்க்கில் காலையிலேயே வரிசை சாலையைத் தொட்டிருந்தது. தரங்கம்பாடிப் பக்கமிருந்து வந்த வண்டிகள்தான் பாதிக்கு மேல். மாநில எல்லையைத் தாண்டினால் பெட்ரோல் விலை குறைவு என்று டேங்க்கை வற்றவிட்டே வருவார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் பம்பில் நின்ற தேவிகாவின் குரல் கேட்டது.

"ஜீரோ பாத்துக்கங்க!"

சோமசேகரன் மூலையில், கரண்டில் ஓடும் கார்களுக்கான பச்சை நிறச் சார்ஜிங் மெஷினுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சீருடையில் விறைப்பாக நின்றார். போன மாதம் வரை தேவிகா நிற்கும் பம்பில் அவர்தான் நின்றார். ஜீரோவைக் காட்டாமல் ஒரு சொட்டு ஊற்றியவரில்லை. மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ளச் சொல்பவர்களைக் கூப்பிட்டு நிறுத்தித் திருப்பிக் கொடுப்பார். "சம்பளத்துக்கு நிக்கிறவன் நான். கை நீட்டுறவன் இல்ல."

மெஷின் வந்த அன்று முதலாளி அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார். "சீனியர், இனிமே இது உங்க பொறுப்பு" என்றார். கோட்டுச்சேரியில் நடந்த கல்யாணத்தில் மைத்துனர், "வாங்க, கரண்டு ஆபீசர்!" என்று முதல் பந்தியில் இழுத்து உட்காரவைத்தார். மனைவி ராஜம் வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

என்ன பொறுப்பு என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வருகிறவர்கள் தாங்களே ஒயரை எடுத்துச் செருகினார்கள். போனைத் தட்டிவிட்டு உள்ளே ஏசியில் உட்கார்ந்துகொண்டார்கள். திரையில் பேட்டரி அளவு முப்பது, நாற்பத்தொன்று என்று ஏதோ ஒரு எண்ணில் ஆரம்பித்தது. ஜீரோ வரவேயில்லை. எதைக் காட்டிப் பாத்துக்கங்க என்பது?

நாகூருக்குப் போகிற வெள்ளைக் கார் ஒன்று அன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி ஒயரைச் செருகிவிட்டுப் போனை எடுத்தார்.

"தம்பி, போனை உள்ள வைங்க. பங்க்கு இது."

"போன் இல்லாம எப்படிங்க ஸ்டார்ட் பண்றது?"

சோமசேகரன் தூணைக் காட்டினார். போன் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட போர்டு. "இத்தனை வருசத்துல இங்க ஒரு பொறி பறந்ததில்ல. யாரா இருந்தாலும் ஒண்ணுதான்."

"பெரியவரே, உங்களுக்கு இதப் பத்தித் தெரியுமா தெரியாதா?"

"போனை வைங்கங்குறேன்ல?"

சத்தம் கேட்டு மேனேஜர் ராஜ்மோகன் ஓடி வந்தான். "அண்ணே, இதுக்குப் போன்தாண்ணே சாவி."

"அப்ப அந்தப் போர்டு?"

"அது பெட்ரோலுக்கு."

"தரைக்கடியில இருக்குற பெட்ரோல் டேங்க்கோட மூடி அந்தா இருக்கு. ரூல் அங்க வேற, இங்க வேறயா?"

ராஜ்மோகன் மூடியைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான். கார்க்காரர் அதற்குள் போனில் எதையோ எழுதி அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் ராஜ்மோகன் தயங்கித் தயங்கி வந்தான். "அந்தக் கார்க்காரர் போட்ட புகாரை முதலாளி படிச்சிட்டாருண்ணே. அந்த மெஷினுக்கு ஆளே வேணாமாம்."

"சரி. பம்புக்குப் போயிடுறேன்."

"பம்பைத்தான் தேவிகாவுக்குக் குடுத்தாச்சே. காத்து அடிக்கிற எடம் காலியா இருக்கு."

"சம்பளம்?"

"காத்துக்கு எங்கண்ணே சம்பளம்? வர்றவங்க பாத்துக் குடுப்பாங்க."

சோமசேகரனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. மாலை போட்டது எதற்கு, இறக்கியது எதற்கு, நடுவில் தான் செய்த குற்றம் எது என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. போர்டில் போட்டிருந்ததைத்தானே சொன்னோம்?

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. காலையில் ராஜம் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, "கரண்டு ஆபீசருக்கு இன்னும் ரெண்டு இட்லி?" என்றாள். "வை" என்றார். சாப்பிட்டு எழுந்து, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

பங்க்குக்கு வந்ததும் மெஷின் பக்கம் நடந்த கால்களை நிறுத்திக் காற்றடிக்கும் இடத்துக்குத் திருப்பினார். தூணில் ஏணி சாத்தி ஒருவன் அந்தப் போன் போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, டீ சாப்பிடுறீங்களா?" என்று தேவிகா பம்பிலிருந்து கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று அவளுக்குப் புரியவில்லை.

மதியம் வெள்ளைக் கார் நாகூரிலிருந்து திரும்பி வந்தது. மெஷினில் நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு, நேரே அவரிடம் வந்து நின்றது.

"நாலு டயருக்கும் பாத்திருங்க" என்ற குரல் உள்ளிருந்து வந்தது. முகம் போனை விட்டு நிமிரவில்லை.

சோமசேகரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சூடேறிய சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு டயராக நகர்ந்து நகர்ந்து காற்றடித்தார். கடைசி டயருக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீட்டரின் முள் ஏறி நின்றது.

"முப்பத்தாறு. பாத்துக்கங்க சார்" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. கண்ணாடி நாலு விரல் இறங்கியது. உள்ளிருந்து குளிர்ந்த காற்றோடு, இரண்டாக மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று வெளியே நீண்டது.

சோமசேகரனின் ஒரு கையில் காற்றுக் குழாய் இருந்தது. இன்னொரு கை முழங்காலில் ஊன்றியிருந்தது. குழாய் உஸ்ஸென்று சீறிக்கொண்டேயிருக்க, நோட்டு அவர் முகத்துக்கு நேரே படபடத்தது.

"பிடிங்க பெரியவரே, கண்ணாடிய ஏத்தணும்."