முதலில் உட்கார்ந்தவர்

புதன்கிழமை மாலை நாலரை மணிக்குச் சேலம் லேபிலிருந்து மெயில் வந்தது. மூன்று பேருடைய முடிவுகள் இருந்தன. இரண்டாவது மனுவேல், வயது 66, ஆண். பி.எஸ்.ஏ. 0.01-க்கும் கீழே.

பிரிண்ட் கொடுக்கப் போன கையை எடுத்துவிட்டேன்.

பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். அறுபது வயதைத் தாண்டிய ஆணுக்கு அது ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கலாம், நோய் என்றால் இருபதுகூட இருக்கலாம். ஏறக்குறைய எதுவுமே இல்லை என்று வந்தால், அந்தச் சுரப்பியை அறுத்து எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ஆணின் ரத்தமாக இருக்க முடியாது.

சேலத்துக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு தடவை ஓட்டிட்டோம் மேடம். அதேதான் வருது" என்றார்கள்.

நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவள். பிறகு ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பும் முடித்துவிட்டு, மலைமேல் ஒண்டிக்கடை என்ற பகுதியில் சாதிக் பாஷா சாரின் லேபில் வேலை பார்க்கிறேன். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் கொடுப்பது எல்லாம் நான்தான். எங்களிடம் இல்லாத பரிசோதனைகள் மட்டும் சேலத்துக்குப் போகும். இரண்டு நாள் கழித்து முடிவு வரும்.

மனுவேல் சாரும் அவர் மனைவி ஆரோக்கியசெல்வி அம்மாவும் இருபத்தாறு வருடமாக நியூசிலாந்தில் இருக்கிறார்கள். மூன்று மாத விடுமுறைக்கு வந்து, செம்மநத்தம் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்களின் கடைசி வாரம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரியும். கண்ணாடி மாற்றுவார்கள், பல் அடைப்பார்கள், ஜாக்கெட் தைக்கக் கொடுப்பார்கள், மிளகாய்த்தூள் அரைப்பார்கள். கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவார்கள்.

"அங்க இதுக்கெல்லாம் தேதி வாங்கறதுக்குள்ள நோவே சலிச்சுப் போயி எந்திரிச்சுப் போயிரும்" என்று மனுவேல் சார் சொன்னார்.

அது திங்கட்கிழமை காலை ஏழு மணி. இருவரும் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். அவர்கள் வரும் முன்பே நான்கு குழாய்களிலும் நான் பெயர் எழுதி ஸ்டாண்டில் வைத்திருந்தேன். முதல் இரண்டும் அவருக்கு, அடுத்த இரண்டும் அம்மாவுக்கு. ரத்தம் எடுத்த பிறகுதான் எழுத வேண்டும், அதுவும் ஆளின் வாயால் பெயரைச் சொல்லக் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. எனக்குப் புது ஆட்களிடம் பேச்சுக் கொடுப்பதே கூச்சம். சீட்டில்தான் பெயர் இருக்கிறதே என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன்.

"உட்காருங்க சார்" என்றேன்.

அவர் ஊசியைப் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். "செல்வி, நீ போ மொதல்ல. லேடீஸ் ஃபர்ஸ்ட்."

"ஊருக்கெல்லாம் வீரம் பேசறது. ஊசியக் கண்டா மட்டும் நாகரிகம் வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் சிரித்தேன். அம்மாவின் கை கொஞ்சம் உப்பியிருந்தது. நரம்பைத் தேட நேரமாயிற்று. "ஒரு மாசமா சோறே எறங்க மாட்டேங்குது கண்ணு, தண்ணி ஒத்துக்கல போல" என்றார். ஊசி உள்ளே போனதும் என் கை தானாக ஸ்டாண்டின் முதல் இரண்டு குழாய்களை எடுத்தது.

நடந்தது அவ்வளவுதான். புதன்கிழமை மாலை வரை எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

திங்கட்கிழமை மாலை ரிப்போர்ட் வாங்க மனுவேல் சார் மட்டும் வந்தார். அவர் தாளில் கிரியாட்டினின் 4.6 என்று இருந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. 1.2-ஐத் தாண்டக் கூடாது. ரத்தமும் குறைவாக இருந்தது. உடனே சேலத்தில் சிறுநீரக டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார்.

"வெள்ளிக்கிழம கெளம்பறோம் கண்ணு. அங்க போயி எங்க டாக்டரப் பாத்துக்கறேன். அதுவரைக்கும் செல்விக்குத் தெரிய வேண்டாம். கடைசி நாலு நாளு, அவ சிரிச்சிட்டே இருக்கட்டும்." தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அவளுக்கு எல்லாம் நல்லா இருக்குதில்ல?"

"இருக்குதுங்க சார்" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் புதன்கிழமை மாலை திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கும் தெரியாமல் போகவும் வழி இருந்தது. அவர் ஊருக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுப்பார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வரும். இந்தியாவில் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று சிரிப்பார். அம்மாவிடமோ எந்தக் குறையும் இல்லை என்று சொல்லும் தாள் இருக்கும். அதை நம்பி அவர் ஒரு வருடம்கூட டாக்டரிடம் போகாமல் இருப்பார். 4.6-க்கு ஒரு வருடம் கிடையாது.

ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறினேன். என் ஊர் செம்மநத்தம். அவர்கள் வீடு வழியில்தான். அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றது. வாசல் வராந்தாவில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. அம்மா குனிந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பாதி எழுந்தேன்.

"என்ன சாமி, எறங்கறயா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க."

பஸ் கிளம்பிவிட்டது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாதிக் பாஷா சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"லேபிள் எப்ப எழுதுன?"

"முன்னாடியே எழுதிட்டேன் சார்."

"எத்தன தடவை சொல்லியிருக்கேன்?"

"நொம்பத் தடவை சார்."

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"பயந்துட்டேன் சார்."

"நானும்தான் இப்ப பயந்து போயிருக்கேன். என்ன பண்றது?" மூச்சு விடும் சத்தம் கேட்டது. "ஊசி, குழாயெல்லாம் எடுத்துட்டு நீயே போ. குத்துனது நீ, சொல்றதும் நீயாத்தான் இருக்கோணும். நான் லேபைத் தொறந்து மெஷினை ஓட்டி வெக்கிறேன். லேபிள்?"

"எடுத்த பிறகுதான் சார்."

லேபுக்குப் போய்ச் சாமான்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது மணி ஏழரை. வராந்தா உத்தரத்தில் கொக்கித் தராசைக் கட்டி, அதில் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இருபத்தி நாலு நானூறு" என்றார் மனுவேல் சார். "ஒரு கிலோ நானூறு எறக்கோணும்."

"உங்க செருப்ப எறக்குங்க. காபித்தூள்ல கை வெச்சீங்கன்னா பாருங்க." அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "வா கண்ணு! என்ன காலங்காத்தால? காபி வெக்கட்டுமா?"

மனுவேல் சார் வேகமாக இறங்கி வந்தார். "நாந்தான் செல்வி வரச் சொன்னேன். சத்து மாத்திரை ஒண்ணு கேட்டிருந்தேன்." என்னைக் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். "ஏங்கண்ணு, ஊட்டுக்கு வந்து நிக்கறயே? அவளுக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னேனில்ல?"

"ஒண்ணு கேக்கோணுங்க சார்." கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "உங்களுக்குப் புராஸ்டேட் ஆபரேஷன் ஏதாச்சும் ஆயிருக்குதுங்களா?"

"இல்லயே. ஆண்டவர் மாட்டி அனுப்புன சாமான் அத்தனையும் அப்படியேதான் இருக்குது. எதுக்கு?"

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். குழாய், லேபிள், யார் முதலில் உட்கார்ந்தார்கள், நேற்று வந்த முடிவு. அவரிடம் சொன்னபோது நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப எனக்கு..."

"உங்களுக்கு அநேகமா ஒண்ணும் இருக்காதுங்க. மறுபடி எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

அவர் மூச்சை விட்டார். தோள் இறங்கியது. அது ஒரு நொடி இருக்கும், அல்லது இரண்டு. பிறகு அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்து, ஒரு ஜோடி செருப்பை வெளியே வீசிக்கொண்டிருந்தார். மனுவேல் சாரின் கை கேட்டைத் தேடிப் பிடித்தது. தன்னுடையது என்று நினைத்த தாளை மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசியவர் அவர்.

"கண்ணு, ஒரு உபகாரம் பண்ணு. ரெண்டு பேருக்கும் எடுத்துக்க. மெஷின் கோளாறுன்னு சொல்லிரு. முடிவ எங்கிட்ட மட்டும் குடு. ஊருக்குப் போயி, மகளப் பக்கத்துல வெச்சிட்டு நான் சொல்லிக்கறேன். ரெண்டே நாளு."

யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சரி என்றுதான் வாயில் வரும். "சரிங்க சார்" என்றேன். இருவரும் வராந்தாவுக்கு நடந்தோம்.

அம்மா கைப்பையின் பக்கவாட்டு அறையில் மாத்திரை அட்டைகளைச் செருகிக்கொண்டிருந்தார். நாலு அட்டை. பெயரைப் படித்தேன்.

"இது எதுக்குங்கம்மா?"

"முட்டி வலிக்கு. பிளேன்ல அத்தன நேரம் காலை மடக்கி உக்காரோணுமில்ல? இங்க வந்ததுலருந்து காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இது இல்லீன்னா மலைல ஏறி எறங்க முடியுமா?"

வலி மாத்திரை. பழுதான சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். மூன்று மாதமாக ஒரு நாளைக்கு இரண்டு. இன்னும் ரெண்டே நாள் என்றால் இன்னும் நாலு.

"அதச் சாப்பிடாதீங்கம்மா."

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஏன்?"

பின்னால் மனுவேல் சார் இருமினார். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"திங்கட்கிழமை நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்கம்மா. உங்க ரத்தத்தச் சார் பேர்ல போட்டுட்டேன். சாரோடத உங்க பேர்ல. உங்க சிறுநீரகம் சரியா வேலை செய்யலன்னு நெனக்கறேன்."

அம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். அவர் உத்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த தராசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அதுக்குத்தான் மூணு நாளா உப்பில்லாமச் சாப்பிட்டீங்களா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் ஏதோ வேண்டுதல்னு நெனச்சேன். உங்களுக்கு எங்கிருந்து பக்தி வந்துச்சுன்னு எனக்கே சந்தேகம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "எல்லாம் நார்மல்னு மகளுக்கு போட்டோ அனுப்பிட்டேனே கண்ணு. எங்கம்மா இரும்புன்னு அவ எல்லாருக்கும் சொல்லியிருப்பா."

"என்ன மன்னிச்சிருங்கம்மா."

அம்மா கணவர் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப இவருக்கு ஒண்ணுமில்ல?"

"அநேகமா இருக்காதுங்க."

"இந்த அநேகமாவெல்லாம் வேண்டாம். எடு." கையை நீட்டினார்.

இந்த முறை எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. நரம்பு கிடைக்க மறுபடியும் நேரமாயிற்று. என் விரல் அழுத்திய இடத்தில் சின்னக் குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்தம் எடுத்து முடித்ததும் பேனாவைத் திறந்தேன்.

"உங்க பேரச் சொல்லுங்கம்மா."

"திங்கக்கிழம கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஆரோக்கியசெல்வி. அறுபத்தொண்ணு."

எழுதி அவரிடம் காட்டினேன். தலையாட்டினார். மனுவேல் சார் யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். இன்று அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாதிக் பாஷா சார் இரண்டு ரத்தத்தையும் இரண்டிரண்டு முறை ஓட்டினார். கிரியாட்டினின் மனுவேலுக்கு 0.9. ஆரோக்கியசெல்விக்கு 4.8. மூன்று நாளில் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அவரே கையெழுத்துப் போட்டார். சேலத்தில் ஒரு டாக்டருக்குப் போன் செய்து மூன்று மணிக்கு நேரம் வாங்கினார். அவர்கள் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்த டாக்சியை இன்றே வரச் சொன்னார்.

"பிளேன்ல போலாமான்னு கேப்பாங்க. உனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லு" என்றார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டிகள் மூடியபடி சுவரோரம் இருந்தன. தராசைக் கழற்றியிருந்தார்கள். அம்மா போன வாரம் வாங்கிய புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நாளைக்கு ஏறலாமா?"

"டாக்டர்தாங்கம்மா சொல்லோணும். எனக்குத் தெரியாதுங்க."

"ஏறக்கூடாதுன்னா?"

மனுவேல் சார் கையை நீட்டினார். "தாளக் குடு செல்வி. மகளுக்கு நான் சொல்லிக்கறேன். டாக்டரப் பாத்துட்டு, பக்குவமா."

"நீங்க பக்குவமாச் சொன்னதத்தான் மூணு நாளாப் பாத்தேனே."

அம்மா தாளைக் கொடுக்கவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார். "நீயே போட்டோ எடு. பேரு தெளிவாத் தெரியோணும்."

தாளைப் பெட்டியின்மேல் விரித்து வைத்து எடுத்தேன். மகளின் பக்கத்தைத் திறந்தேன். மேலே திங்கட்கிழமை அனுப்பிய படம் இருந்தது. அதன் கீழே மகள் பதிலுக்கு அனுப்பிய பூப் படங்கள் வரிசையாக இருந்தன. இந்தப் படத்தை அதற்கும் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

"அனுப்பு."

அனுப்பினேன். கேட்டுக்கு வெளியே டாக்சி வந்து நின்றது. நாங்கள் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு டிக் குறிகளும் நீலமாயின. உடனே போன் அடித்தது.

மனுவேல் சார் எழுந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, போனை என்னிடமிருந்து வாங்கிக் காதில் வைத்தார்.

"அழுகாத சாமி. மொதல்ல நான் சொல்றதக் கேளு" என்றார்.