தூங்குமூஞ்சிக்கு ஒரு முழ மண்

எங்கள் தீவின் மலைச்சரிவு ஊரான பெல்மேனில் ஒனேசிம் கிரோந்தேன் வீட்டு முற்றத்துச் சிமெண்டில் பதிந்திருந்த வலதுகால் தடம் பதினோரு வருஷத்தில் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்தது. 1961 ஜூலையில் அந்த முற்றத்துக்குச் சிமெண்டு போட்ட அன்று, ஈரம் காய்வதற்குள் அவருடைய நான்கு வயது மகள் நதேஜ் ஓடிவந்து ஒரு காலை அதில் வைத்துவிட்டாள். கொத்தனார் வேலையில் அந்த மலைச்சரிவு முழுக்க ஒனேசிமை மிஞ்ச ஆள் கிடையாது. கரண்டியால் ஒரு தடவு தடவியிருந்தால் தடம் மறைந்திருக்கும். ஆனால் அன்று அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். காலையில் சிமெண்டு இறுகியிருந்தது; தடத்தை அளந்து பார்த்தார், பதினைந்தரை சென்டிமீட்டர். அடுத்த புத்தாண்டன்று ஏதோ யோசனையில் மறுபடி மடக்கு அளவுகோலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். பதினைந்தரை இருந்த தடம் பதினாறாகியிருந்தது. மகளைக் கூப்பிட்டு அவள் காலை அளந்தார். அதுவும் பதினாறு. அதிலிருந்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இரண்டையும் அளந்து சமையலறைக் கதவின் உட்பக்கம் பென்சிலால் குறித்து வந்தார். 1972-ல் இருபத்து மூன்றரையில் இரண்டும் ஒன்றாக நின்றன. அக்கம்பக்கத்தார் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல சிமெண்டு என்றார்கள். ஒன்றிரண்டு பேர் மணலும் சிமெண்டும் எத்தனைக்கு எத்தனை கலந்தது என்று விசாரித்துப் போனார்கள்.

1975-ல், பதினெட்டு முடிந்ததும், நதேஜ் பிரான்சுக்குப் போகிறேன் என்றாள். அந்த வருஷங்களில் எங்கள் தீவிலிருந்து வாரம் ஒரு வீட்டுப் பிள்ளையாவது அப்படிக் கிளம்பியது. ஒனேசிம் மூன்று நாள் விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போனார். நான்காம் நாள், பெட்டியோடு அவள் சமையலறை வாசலில் நின்றபோது, "போறதுன்னா போ. ஆனா திரும்பி வந்து என் சிமெண்டுல கால வைக்கிற வேலை வச்சுக்காத" என்றார். நதேஜும் அவர் மகள்தானே. பெட்டியைக் கீழே வைத்தாள். சுவரோரம் சாத்தியிருந்த அவருடைய சாரப் பலகைகளில் ஐந்தை இழுத்து வந்து, வாசலிலிருந்து கேட் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். பலகைகளின் மேலேயே நடந்து வெளியே போனாள். அந்த நிமிஷத்திலிருந்தே அவர் சொல்லுக்கு அப்படியே கட்டுப்பட்டுவிட்டாள் என்பது அவள் தாய் ரோஸ்மேவுக்குப் புரிந்தது. ஒனேசிம் பலகைகளை எடுத்துத் துடைத்துப் பழையபடி சாத்தினார்.

இரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. ஆனால் தடம் இருந்தது. பிரான்சில் குளிர்காலமும் இங்கே கடுங்கோடையுமான ஜனவரியில், லிச்சி மரத்தடியில் நாய்கூட நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடக்கும் வெயிலில், தடத்துக்குள் மட்டும் கண்ணாடிச் சில்லு போலப் பனிக்கட்டி படிந்திருக்கும்; பத்து மணிவாக்கில் உருகித் தண்ணீராகும். ஏப்ரலில் இளஞ்சூடு வரும். ரோஸ்மே காலையில் எழுந்ததும் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காபி போடுவாள். ஒனேசிம் அதைக் கையால் தொட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டோமினோ ஆட வருகிறவர்கள் மேஜைக்காலை அதன்மேல் வைக்கப் போனால் மட்டும், "அங்க வேணாம், ஆடும்" என்பார். அந்த ஊரிலேயே ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் ஆடாத தரை அது. 1978 மே மாதத்திலிருந்து தடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமானது. ரோஸ்மே தீக்குச்சியை நிறுத்திப் பார்த்தாள். அக்டோபரில் பாதிக் குச்சி இறங்கியது. நவம்பரில் ஒரே இரவில் பழைய ஆழத்துக்கு ஏறிவிட்டது. "சிமெண்டுக்கும் வயசாகுதுல்ல" என்றார் ஒனேசிம்.  ரோஸ்மே அன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

பச்சோந்தியை எங்கள் பக்கம் தூங்குமூஞ்சி என்றே சொல்வார்கள். ஒரு பெண் தூங்குமூஞ்சியைச் சூறாவளி ஒன்று அந்த வீட்டுச் சமையலறைத் திரையில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. ரோஸ்மே அதற்கு வெட்டுக்கிளி பிடித்துப் போட்டாள், இலையில் தண்ணீர் சொட்டிக் காட்டினாள். அது திரையை விட்டுப் போகவில்லை. 1979 பிப்ரவரியில் அதன் உடம்பு கறுத்து, விலாவில் ஆரஞ்சுப் பட்டைகள் எழுந்தன. காலுறைக்குள் அவரைக்கொட்டை போட்ட மாதிரி வயிறு புடைத்தது. வெட்டுக்கிளியைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. திரையை விட்டு இறங்கி முற்றம் முழுக்க நடந்தது. தூங்குமூஞ்சி மண்ணைத் தோண்டித்தான் முட்டையிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகும். அந்த வீட்டில் மண் கிடையாது. லிச்சி மரத்தை அடிமரம் வரைக்கும் நெருக்கிச் சிமெண்டு போட்டிருந்தார் ஒனேசிம். அந்த அழகைப் பார்த்து அக்கம்பக்கத்திலும் அவரைக்கொண்டே போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே தெரு நெடுக எந்த முற்றத்திலும் மண் கிடையாது.

ரோஸ்மே முதலில் ஒரு வாளியில் கடற்கரைக் கருமணலை ஈரமாக்கி வைத்தாள். அடுத்தது துணி துவைக்கும் தொட்டியில் செம்மண். அதற்கடுத்தது வெட்டிவேர் வைத்திருந்த பெரிய சட்டி. தூங்குமூஞ்சி ஒவ்வொன்றிலும் ஏறும், நாலு பிறாண்டு பிறாண்டும், நிறுத்திவிடும். தோண்டும்போது யாராவது பார்த்தால் அது வேலையை விட்டுவிடும். இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால்தான், பார்க்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க எல்லாரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஃபுல்பேர் பயே நாற்காலியோடு வந்தான்.

"என்ன மேஸ்திரி, வீட்டுல பிரசவமாமே? மருத்துவச்சியக் கூப்பிடட்டா?"

"உன் பொண்டாட்டிய வரச் சொல்லு. ஊர்ல எவ எத்தன முட்ட வச்சிருக்கான்னு அவளுக்குத்தானே கணக்குத் தெரியும்."

"கோவிச்சுக்காத மேஸ்திரி. உன் மண்டை ஒண்ணுதான் பாக்கி, அதுக்கும் சிமெண்டு போட்டாச்சுன்னு நெனச்சேன். முட்ட வைக்க எடம் அங்க இருக்குமோ?"

ரோஸ்மே தூங்குமூஞ்சியைக் குச்சியில் ஏற்றிக்கொண்டு போய்க் கரும்புக்காட்டு வரப்பில், நல்ல மண்ணில் விட்டு வந்தாள். முன்னூறு மீட்டர் தூரம். அது இரண்டு நாள் நடந்து திரும்பி வந்தது. அது கடக்கும்வரை சாலையில் வண்டிகளை நிறுத்திவைத்தார்கள். வந்ததும் நேராகக் கால்தடத்துக்குப் போனது. பனிக்கட்டி உருகி, முற்றத்தில் ஈரம் இருந்த ஒரே இடம் அதுதான். குதிகால் குழியில் நின்று சிமெண்டைப் பிறாண்டத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் முன்கால் நகம் இரண்டு பிய்ந்துவிட்டது. கண்கள் உள்ளே போய்விட்டன.

இனி உடைப்பதைத் தவிர வழியில்லை என்று தெருவே சொன்னது. ரோஸ்மேதான் பாவம், மகளைப் பற்றி அவளுக்கு இருக்கும் ஒரே தகவல் அந்தத் தடம், அவள் எப்படிச் சம்மதிப்பாள் என்றும் சொன்னது. நடந்தது வேறு. ரோஸ்மே கொட்டகையிலிருந்து சம்மட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒனேசிம் போய்த் தடத்தின்மேல் நின்றுகொண்டார். அவர் அதில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"ஒரு ஓணானுக்காக என் தரைய ஒடைக்கணுமா? பதினெட்டு வருஷத்துல ஒரு கீறல் விழல இதுல!"

"தரையப் பத்தியா பேசுற நீ? அந்தக் கதைய ஃபுல்பேர்கிட்ட சொல்லு."

"இத ஒடைச்சிட்டா," என்று ஆரம்பித்து ஒனேசிம் நிறுத்தினார். பிறகு மெதுவாக, "அவ இருக்காளா இல்லையான்னு எதத் தொட்டுப் பாப்ப?" என்றார்.

"அது எதுக்கு ஆழமாச்சு, எதுக்கு ஒரு ராத்திரில ஏறிச்சுன்னு என்னிக்காவது யோசிச்சியா? ஏழு மாசம், ஒனேசிம். அவளும் வயித்தப் புடிச்சுக்கிட்டு அந்தக் குளிர்ல எங்கயோ எடம் தேடித்தான் அலஞ்சிருப்பா. வீட்டுக்கு வரலாம்னா, நீ சிமெண்டுல கால் வைக்காதன்னுட்ட. இவளுக்காவது ஒரு மொழம் எடம் குடு. நகரு."

ஒனேசிம் தடத்தை விட்டு இறங்கினார். குனிந்து, வாழ்க்கையில் முதல்முறையாகத் தடத்தில் உள்ளங்கையை வைத்தார். சில்லென்று இருந்தது. பிறகு சம்மட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். "தள்ளி நில்லு, உனக்கு அடிக்கத் தெரியாது" என்றார். முதலில் உளியால் நாலு பக்கமும் நேர்கோடு கொத்திக்கொண்டார். உடைப்பதென்றாலும் கோணலாக உடைக்க அவருக்குக் கை வராது. முழத்துக்கு முழம் சதுரம். சம்மட்டியின் பதினோராவது அடியில் சிமெண்டு பெயர்ந்துவிட்டது. அடியில் இருந்த மண் பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்தும் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அதைக் கிளறித் தண்ணீர் தெளித்தார்கள். நாலு நாற்காலியை நிறுத்திச் சுற்றிலும் படுக்கை விரிப்பைக் கட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டோமினோ கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரோஸ்மே முற்றத்துப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். இரண்டு பகலும் ஓர் இரவும் கழித்துத் தூங்குமூஞ்சி விரிப்புக்கு அடியிலிருந்து, காலிப் பை போலத் தொங்கும் வயிற்றோடு, முகமெல்லாம் மண்ணோடு வெளியே வந்தது. குழியை மூடி மிதித்துச் சமன் செய்துவிட்டே வந்திருந்தது. ஒனேசிம் ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். "பரவால்ல" என்றார்.

அதன்பின் ஐந்து மாதம் வீட்டில் தகவல் இல்லை. ரோஸ்மே காலையில் எழுந்து, பழக்கத்தில் முற்றத்துக்குப் போய், கையை என்ன செய்வது என்று தெரியாமல் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வருவாள். ஒனேசிம் வெளியூர் வேலைகளை ஒப்புக்கொள்ளவில்லை. ஜூலையில் ஒரு நாள் காலை மண்ணில் இரண்டு கால்களும் பதிந்திருந்தன. இருபத்து மூன்றரை. முட்டை புதைந்த இடத்தை ஒதுக்கி ஓரமாக, விரல்கள் சமையலறையைப் பார்த்து. மறுநாளும் இருந்தன, அதற்கு மறுநாளும். மண்ணில் மட்டும், சிமெண்டில் ஒரு தூசிகூட இல்லை. டிசம்பர் முதல் வாரம், லிச்சி பழுக்கத் தொடங்கியபோது, பக்கத்தில் ஒரு சின்னக் காலும் பதிந்தது. ஒனேசிம் மண்டியிட்டு அளந்தார். பதினொன்றரை.

"சிமெண்டோட விளிம்பு வரைக்கும் வந்து நிக்கிறா பாரு" என்றாள் ரோஸ்மே. "சொன்ன பேச்சக் கேக்குற புள்ள."

ஒனேசிம் சட்டையைக் கழற்றினார். அந்த வாரம் முழுக்க உடைத்தார். சதுரத்திலிருந்து கேட் வரைக்கும் ஒரு பாதை, சதுரத்திலிருந்து சமையலறை வாசல் வரைக்கும் ஒரு பாதை, இரண்டு ஆள் சேர்ந்து நடக்கும் அகலம், நூல் பிடித்த நேர். ஃபுல்பேர் நாற்காலியோடு வந்தான். பார்த்தான். நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு, உடைந்த சில்லுகளை வண்டியில் அள்ளிக் கொட்ட ஆரம்பித்தான்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு மண் பிளந்து, சுண்டுவிரல் நீளத்தில் இருபத்து மூன்று தூங்குமூஞ்சிகள் வெளியே வந்தன. அவை வரிசையாகப் புதுப் பாதையில் கேட் வழியாக வெளியேற ஒரு காலைப்பொழுது ஆயிற்று. கடைசிக் குஞ்சு வெளியே போன பிறகு, கீழே கடற்கரை ஊரான சேன்போலிலிருந்து மேலே வரும் பேருந்து நின்று, நதேஜ் இறங்கினாள். இடுப்பில் ஒரு பையன். கேட்டருகில் செருப்பைக் கழற்றினாள்.

"இது மண்ணுதானே?" என்றாள்.

"மண்ணுதான்" என்றார் ஒனேசிம். "வா."

அவள் பையனை இறக்கிவிட்டு, விரலைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். ரோஸ்மே அன்று காலையிலேயே நான்கு பேருக்கு அரிசி போட்டிருந்ததால் சாப்பாடு தாமதமாகவில்லை. சாப்பிட்டதும் ஒனேசிம் பேரனின் வலதுகாலை அளந்து, பதினொன்றரை என்பதைச் சரிபார்த்துக்கொண்டு, கதவில் புதிய வரிசையில் எழுதினார்.

தூங்குமூஞ்சி மறுவருஷமும் அதே மண்ணில் முட்டையிட்டது. பாதைகளுக்கு ஒனேசிம் திரும்பச் சிமெண்டு போடவில்லை. மற்ற வீடுகளுக்குப் போட்டார். ஆனால் எந்த முற்றமானாலும் ஒரு முழச் சதுரத்தை மண்ணாகவே விட்டுவிட்டுத்தான் மீதியைப் போட்டார். வீட்டுக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இன்றைக்கும் பெல்மேனில் கட்டுகிறவர்கள் வரைபடத்திலேயே அதற்கு இடம் குறித்துவிடுகிறார்கள். வெளியூர்க்காரர் கேட்டால், தூங்குமூஞ்சிக்கு என்பார்கள்.