டேங்குக்கு இரண்டு மூடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை விற்பனை மேலாளர் என் மேசைக்கு வந்தபோது நான் நல்லபடியாகத்தான் இருந்தேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வளர்ச்சியார். மனிதர் தும்மினால்கூட போன மாதத்தைவிட எத்தனை தும்மல் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் மூக்கைத் துடைப்பார்.

"நம்ம காய்ப்புழு மருந்து ஒரே வருஷத்துல நாப்பது சதவீதம் ஏறியிருக்கு. ஏன் ஏறுச்சுன்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க சொல்லணும். சொன்ன கையோட புது சீசனுக்கு அம்பது லட்சம் பாட்டில் ஆர்டர் போயிடும்" என்றார். "நீங்க மெனக்கெட வேண்டாம். காரணத்தை நானே எழுதிட்டேன்."

அந்தப் பூச்சிமருந்துக் கம்பெனியில் நான் சந்தை ஆய்வுப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். அவர் நீட்டிய தாளில் ஐந்து காரணங்கள் இருந்தன. வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. பாசனம் பெருகியிருக்கிறது. நகரங்களில் காய்கறி அதிகம் விற்கிறது. மூலைமுடுக்கெல்லாம் மருந்துக் கடை வந்துவிட்டது. விவசாயிகளுக்கு விவரம் கூடியிருக்கிறது. ஐந்தும் உண்மைதான். நம்மைப்போல் வளரும் எந்த நாட்டிலும் இந்த ஐந்தையும் சொல்லலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்தியது.

இதே ஐந்தும் எங்கள் களைக்கொல்லிக்கும் பொருந்தும், பூஞ்சண மருந்துக்கும் பொருந்தும். அவை எட்டு சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆள் பஞ்சம் காய்ப்புழு மருந்தை மட்டுமா விற்றுக் கொடுக்கும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஐந்து வரியில் எழுதி என் பெயரைப் போடச் சொல்கிறார். நான் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுநாள் எங்கள் மருந்தை அடித்துத் தக்காளி போடும் அக்கா ஊருக்குப் பஸ் ஏறினேன்.

முதலில் கடைத்தெருவில் மருந்துக் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தார்கள். உள்ளே காலை வைத்ததுமே நெடி தொண்டையைப் பிடித்தது. கடைக்காரர் பெட்டியைக் கத்தியால் கீறி எங்கள் பாட்டில்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"புதுசா நிறையப் பேர் வாங்குறாங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"புதுசா யாரும்மா இருக்கா இங்க? அதே ஆளுங்கதான். முன்னெல்லாம் ஒரு பாட்டில் வாங்கினா நாலு தடவை அடிப்பாங்க. இப்ப மூணாவது தடவைக்கே காலின்னு வந்து நிக்கிறாங்க."

"புழு அதிகமாயிடுச்சா?"

"புழு அதேதான். பாட்டில்தான் ஓட்டையோ என்னவோ" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் வயலுக்குப் போனால் மோட்டார் கொட்டகை வாசலில் இருபது கூடை தக்காளி அடுக்கியிருந்தது. மேல் கூடையில் ஈ மொய்த்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்து ஸ்பிரேயர் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"டவுன் கடைகளுக்குக் காய் எடுக்கற பேக்கிங் கூடத்துல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. சோதிச்சுப் பாத்தாங்களாம். காய்ல மருந்து அளவுக்கு மேல நிக்குதாம். இன்னொரு தடவை இப்படி வந்தா பட்டியல்ல இருந்து என் பேரை அடிச்சிடுவாங்களாம்" என்றாள். "அவங்க எடுக்கலன்னா இவ்வளவு காயை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?"

"பறிக்கறதுக்கு எத்தனை நாள் முன்னாடி அடிச்சே?"

"நீ சொன்ன அதே ஏழு நாள். நாளும் தப்பல, அளவும் தப்பல. டேங்குக்கு ரெண்டு மூடி. பத்து வருஷமா அதானே."

"மூடியிலயா அளக்கறே? லேபிள்ல இருபது மில்லின்னு போட்டிருக்கேக்கா."

"லேபிள்ல எறும்பு ஊர்ற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க. அதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுறதுக்குள்ள காத்து ஏறிடும், மருந்து அடிக்க முடியாது. மூடி கையிலயே இருக்கு. இங்க எல்லாருக்கும் மூடிதான் கணக்கு."

கொட்டகை மூலையில் போன வருஷத்துப் பாட்டில் ஒன்று பாதி மருந்தோடு இருந்தது. அதன் மூடியையும் புது மூடியையும் கையுறை போட்டு நன்றாகக் கழுவினேன். இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் குவளையை அக்கா வீட்டிலிருந்து எடுத்துவந்து, தண்ணீர் ஊற்றி அளந்தேன். பழைய மூடி பிடித்தது பத்து மில்லி. புதியது பதின்மூன்று. மூன்று முறை அளந்தேன், மாறவில்லை. யாரும் மறுபடி இருமல் மருந்துக்கு எடுத்துவிடக் கூடாது என்று அளந்த குவளையை உடைத்துப் போட்டேன்.

பத்துக்கு மூன்று கூடினால் நூற்றுக்கு முப்பது. அந்த நூற்றுமுப்பதின் மேல் எல்லா மருந்துக்கும் பொதுவான எட்டு சதவீதத்தை ஏற்றினால் நூற்றுநாற்பது, வளர்ச்சியாரின் நாற்பது வந்துவிடுகிறது.

அக்கா இரண்டு மூடிகளையும் வாங்கி ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். "எந்தப் புத்திசாலி இதை மாத்தினான்?" என்று கேட்டாள்.

அந்தப் புத்திசாலி நான்தான். போன வருஷம் கையுறை போட்டால் மூடி வழுக்குகிறது என்று அக்காதான் சொன்னாள். பெண்கள் திறக்கச் சிரமப்படுகிறார்கள், அகலமான மூடி போடுங்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்த ஆண்டின் சிறந்த யோசனை என்று ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். கை வழுக்குமா என்று பத்துப் பேரை வைத்துச் சோதித்தோம். மூடி எவ்வளவு பிடிக்கும் என்று ஒருத்தர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இதைக் கொட்டகையிலேயே அக்காவிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நழுவினேன். போகும்போது, "அடுத்த மருந்து என்னிக்கு?" என்று மட்டும் கேட்டேன். வரும் திங்கட்கிழமை என்றாள். அதற்குள் நான் வந்துவிடுவேன், வராமல் அடிக்காதே என்றேன்.

வியாழக்கிழமை வளர்ச்சியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நம்ம லேபிள்ல சரியாத்தானே போட்டிருக்கோம்? மூடியில ஊத்துறது அவங்க தப்பு. அஞ்சு காரணம் போதும்மா. ஆறாவது வேண்டாம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க."

"யாரோட பூசணிக்காய்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல உங்க ஷீல்டு போகும். பின்னாடியே நீங்க போவீங்க."

இந்த இடத்தில்தான் என் கோபம் எனக்கு உதவியது. பயந்தவளாக உள்ளே போனவள், வெளியே வரும்போது முடிவு செய்துவிட்டேன். அம்பது லட்சம் பாட்டில் என்றால் அம்பது லட்சம் மூடி. அவை போய்ச் சேருமுன் நிறுத்த எனக்குக் கிடைத்திருந்தது ஒரே ஒரு கூட்டம்.

வெள்ளிக்கிழமை நீளமான மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். நடுவில் சேர்மன் அம்மா. ஐந்து காரணங்களையும் ஒரு நிமிஷத்தில் சொன்னேன், இவற்றால் எட்டு சதவீதம் வந்தது, மீதி விவசாயிகள் மருந்து அளக்கும் மூடியால் வந்தது என்றேன். பிறகு பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலையும் அளவுக் குவளையையும் எடுத்து வைத்தேன். பக்கத்தில் பழைய அளவில் ஒன்று, புதிய அளவில் ஒன்று என இரண்டு மூடிகளை வைத்தேன், கடைக்குப் போகாதவை, மருந்து படாதவை. சேர்மன் அம்மா தன் கையாலேயே ஊற்றி அளந்தார். வளர்ச்சியார் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"பழைய அளவுக்குப் போனா விற்பனை என்ன ஆகும்?"

"கால் பங்கு விழும், மேடம்."

"போகலன்னா?"

"ஒண்ணு ரெண்டு சீசன் இதே உயரத்துல நிக்கும். ஆனா ஊருக்கு ஊர் பேக்கிங் கூடம் வருது, சோதனை வருது. அதுவும் நம்ம நாட்டுல வளர்ற விஷயம்தான், இந்தத் தாள்ல அது இல்ல. காய் திரும்பி வர்ற ஒவ்வொரு வயல்லயும் நம்ம பேரைத்தான் சொல்வாங்க."

"இந்த மூடி யாரோட யோசனை?"

"என்னோடது."

சேர்மன் அம்மா ஈரமான விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஆர்டரை நிறுத்தச் சொன்னார். மூடிக்குள் பத்து மில்லிக்கு ஒரு வளையம் வைத்து அச்சை மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்றார். நான் ஷீல்டைத் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னேன்.

"வேண்டாம். மேசையிலயே இருக்கட்டும், தினமும் பாருங்க" என்றார். "அந்த மூணு மாசத்துக்கு என்ன செய்யப்போறீங்க? கடையிலயும் வீட்டுலயும் இருக்கற பாட்டில் என்ன ஆகுறது?"

"ஒவ்வொரு மூடியா கோடு போடுவேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சேர்மன் அம்மா சிரிக்கவில்லை. எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை நான் வயலுக்குப் போனபோது அக்கா தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்தப் புத்திசாலி மாத்தினான்னு கேட்டியே, அது நான்தான்க்கா."

அவள் கையிலிருந்த முடிச்சைப் போட்டு முடித்தாள். "கை வழுக்குதுன்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.

"நீ வழுக்குதுன்னு மட்டும்தான் சொன்னே. எவ்வளவு பிடிக்கும்னு பாக்காம விட்டது நான்."

"ஆமா" என்றாள் அக்கா. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. "இருபது கூடை."

நான் அளந்து, ஆணியால் மூடியின் உள்பக்கம் சுற்றிக் கீறினேன். அக்கா என்னை நம்பவில்லை. தானே தண்ணீர் ஊற்றி இரண்டு முறை அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு வரப்பில் ஏறி நின்று, அடுத்த வயலில் குனிந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டாள்.

"உன் மருந்து பாட்டிலை எடுத்துட்டு வா. அப்படியே அந்தப் பக்கத்துலயும் எல்லாரையும் எடுத்துட்டு வரச்சொல்லு. என் தங்கச்சி வந்திருக்கா. மூடியைக் கெடுத்தது அவதான், அவளே சரிபண்ணித் தர்றா."

அந்தப் பெண் பாட்டிலோடு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, அவள் பாட்டிலுக்குக் கையை நீட்டினேன்.