தொலைபேசியில் சொல்லக் கூடாதது

அவள் ஆய்வகத்துக்கு வெளியே நின்று அம்மாவின் அழைப்பை எடுத்தாள்.

“குவாண்டம்னா என்னன்னு அத்தை கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?”

“ரொம்பச் சின்ன விஷயம்மா.”

“சின்ன விஷயத்துக்கா இவ்வளவு தூரம் போயிருக்க?”

அதற்குள் ஆய்வகத்துப் பேராசிரியை உள்ளேயிருந்து கூப்பிட்டுவிட்டார்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்த ஆண்டு ஒரே இடம்தான். நேர்காணல் முடிந்து அவளும் ஒரு சுருட்டை முடிக்காரியும் மிஞ்சியிருந்தார்கள்; இன்று கடைசிச் சோதனை. விண்ணப்பித்த மற்ற இடங்கள் எல்லாம் கைவிரித்துவிட்டன. இதுவும் போனால் பழைய பள்ளிக்கூட வேலைதான். அங்கே அவள் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டியதில்லை.

தாழ்வாரத்தின் இரண்டு முனைகளிலும் இருந்த அறைகளில் பேராசிரியை அவர்களை உட்காரவைத்தார். இடையே ஒளி போக ஒரு கண்ணாடி இழை. சுருட்டை முடிக்காரி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டும், இவள் பிடிக்க வேண்டும். பிறகு எந்தத் துகளுக்கு ஒளி வடிகட்டியை எந்தக் கோணத்தில் வைத்தோம் என்பதைத் தொலைபேசியில் ஒப்பிட வேண்டும். கோணம் ஒத்துப்போன துகள்களின் மதிப்பு, பூஜ்யமோ ஒன்றோ, அதுதான் செய்திகளைப் பூட்டித் திறக்க இருவருக்கும் பொதுவான இரகசியச் சாவி. பிழை பார்க்க அதில் கொஞ்சத்தை வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். தொலைபேசியை யாரும் ஒட்டுக்கேட்கலாம் என்பதால் மிச்சத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. கணினி நொடியில் முடிப்பதை முதல் தடவை கையால் செய்யவைப்பது பேராசிரியையின் வழக்கம்.

“மதியத்துக்குள்ள ஒரு சாவி வேணும்,” என்றார்.

இருட்டறையில் திரையின் எண்கள் ஏறின. இறங்கின. ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்தார்கள்.

“என்னப்பா, லைன்ல இருக்கியா? இருமவாவது இருமேன்,” என்றாள் சுருட்டை.

“இருக்கேன்.”

“நீ பேசினா வரி போடுவாங்களா?”

சத்தம் வராமல் சிரித்தாள். கோணங்களை ஒப்பிட்டு முடித்தார்கள். மாதிரிக்குச் சில மதிப்புகளைச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. சுருட்டைக்கு உற்சாகம் தாங்கவில்லை.

“பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணு. சரியா?”

மாதிரி முடிந்துவிட்டது என்று இவளுக்குத் தெரியும். சுருட்டை மூச்சு வாங்க நிறுத்துவாள், அப்போது சொல்லலாம் என்று காத்திருந்தாள். சுருட்டை மூச்சு வாங்கவில்லை. இவள் வாயிலிருந்து ஒவ்வொரு முறையும் “சரி” என்றே வந்தது. கடைசி எண்வரை அப்படியே போய்விட்டது.

பேராசிரியை வந்தபோது சுருட்டையும் ஓடி வந்தாள். “ஒரு பிழைகூட இல்ல மேடம்!”

“சாவி?”

சுருட்டை தாளை நீட்டினாள். அந்தப் பேச்சை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

“அது சாவி இல்ல மேடம்,” என்றாள் இவள். “எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டோம்.”

“சொல்லிட்டோமா, சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டோம். நான் சரி சரின்னுட்டே இருந்தேன்.”

சுருட்டை தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். பேராசிரியையின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. “இன்னும் நேரம் இருக்கு. மறுபடி பண்ணுங்க.”

பண்ணினார்கள். இரண்டாம் முறையும் மாதிரி முடிந்த இடத்தில் சுருட்டையின் குரல் தானாக அடுத்த எண்ணுக்குத் தாவப் பார்த்தது.

“நிறுத்து.”

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சுருட்டை பாதி எண்ணை விழுங்கினாள்; சாவி தப்பியது. இருவருமே தொலைபேசியை வைக்கவில்லை. சுருட்டையின் மூச்சு மட்டும் காதில் கேட்டது. வெளியே பேராசிரியையின் செருப்புச் சத்தம் வந்தது. அந்த ஒரே இடம் யாருக்கென்று சொல்லத்தான் வருகிறாரோ. தாழ்வாரத்தின் நடுவில், இரண்டு கதவுகளுக்கும் சம தூரத்தில் நின்றது.